இரட்டை ஆற்றுச் சொற்பொழிவு

மலாயாவில் ஊசிமலை ரப்பர் தோட்டத்துச் சின்னையா வாத்தியாரின் பெயர் முதன்முதலாக அச்சேறியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் ஆவணி மாதத்தில். மஞ்சள் காகிதத்தில் ஒரு நோட்டீஸ். ஈப்போ வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சொற்பொழிவு, பொருள் ‘வானத்தில் இரட்டை ஆறு’, கண்டறிந்தோர் சர்வே ஆபீஸ் திரு. ஐயாத்துரை, ஊசிமலைத் தோட்டப் பள்ளி ஆசிரியர் திரு. சின்னையா. வாத்தியார் அதை மடிக்க மனம் வராமல் இரண்டு சிலேட்டுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, தாப்பா ரோட்டில் பதினெட்டுக் கல் தூரமும் பஸ்ஸில் நின்றபடியே வந்தார். உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்று பயம்.

அவர் மனைவி பாப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கணவரின் பெயர் எங்கே என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“கடைசியிலயா போட்டிருக்காங்க?”

“கடைசியில போட்டா என்ன, போட்டிருக்காங்கல்ல.”

பெயர் அச்சில் வந்தது பெரிய சந்தோஷம்தான். ஆனால் சின்னையாவின் கண் அதன்மேல் இல்லை. ஈப்போ வாசகசாலையில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. வெளியார் வரலாம், கீழ்த்தளத்து பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம். அலமாரியைத் திறந்து புத்தகம் எடுக்க வேண்டுமானால் அங்கத்தினராக இருக்க வேண்டும். அங்கத்தினர் எல்லாரும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தோட்டத்து ஆள் ஒருவரைச் சேர்த்ததாக வரலாறு கிடையாது. சேர்க்கக் கூடாது என்று எங்கும் எழுதியும் வைக்கவில்லை. யாரும் கேட்டதில்லை, யாரும் சேர்த்ததில்லை, அவ்வளவுதான். சின்னையா மூன்று வருஷமாக அலமாரிகளின் கண்ணாடிக் கதவுகளுக்கு வெளியே நின்று புத்தக முதுகுகளை மட்டும் வாசித்துவிட்டுத் திரும்புகிறவர். இப்போது வாசகசாலைத் தலைவர் பஞ்சலிங்கம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: “சொற்பொழிவு ஒழுங்கா நடக்கட்டும். பிறகு உங்கட விண்ணப்பத்தை யோசிப்பம்.” பஞ்சலிங்கம் வாயிலிருந்து ‘யோசிப்பம்’ என்று வந்தாலே பாதிச் சம்மதம் என்று பொருள்.

ஐயாத்துரைக்கும் சின்னையாவுக்கும் எப்படிச் சிநேகம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐயாத்துரை சர்வே ஆபீஸில் நிலப்படம் வரைகிறவர். தோட்டத்து எல்லை அளக்க ஒரு மாதம் வந்து பள்ளிக்கூடத்து அறையில் தங்கினார். அங்கே சின்னையா பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துச் சனங்களுக்கு நாள் பார்த்துச் சொல்வதைக் கண்டார். இந்த மனிதருக்குக் கணக்கு ஓடுகிறது என்று ஐயாத்துரைக்குப் பட்டது. இந்த மனிதர் காரியம் ஒன்றும் இல்லாமலே வானத்தைப் பார்க்கிறார் என்று சின்னையாவுக்குப் பட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒருவரை ஒருவர் தேடிப் போனார்கள்.

ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான்களோடு ஐயாத்துரைக்கு ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. கதையும் இல்லை, படமும் இல்லை, பக்கம் பக்கமாக எண்கள். வானத்தில் நெபுலா என்று சொல்லப்படும் மங்கலான வெண்திட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் அது. சின்னையா அதற்குப் புகைத்திட்டு என்று பெயர் வைத்தார்.

“ஒவ்வொண்டும் எங்கட பால்வீதி மாதிரித் தனி உலகமாம்,” என்றார் ஐயாத்துரை. “கோடிக்கணக்கான நட்சத்திரம் ஒவ்வொண்டுக்குள்ளையும். அமெரிக்காவில பெரிய தூரதரிசினி வைச்சுப் பார்த்து இப்பதான் நிறுவியிருக்கினம். பேப்பரில வாசிச்சன்.”

“அம்புட்டு உலகமும் எப்படிக் கெடக்கு அண்ணே? அரிசி எறைச்ச மாதிரியா, இல்ல நம்ம லயத்து வீடுங்க மாதிரி அங்கங்க கூட்டமாவா?”

ஐயாத்துரைக்கும் அது தெரியாது. அந்தக் கேள்விதான் இருவரையும் எட்டு மாதம் ஆட்டி வைத்தது.

பட்டியலில் ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றையும் குறிக்க ஆயுள் போதாது. மிகவும் பிரகாசமான அறுநூற்று நாற்பதை மட்டும் பொறுக்கிக் குறிப்போம் என்றார் ஐயாத்துரை. மிச்சத்தை விட்டுவிட்டால் உருவம் தெரியுமா என்று அவருக்கே சந்தேகம். சின்னையாவுக்குச் சந்தேகம் இல்லை. ஊசிமலை உச்சியில் ஏறிச் சாயங்காலம் கீழே பார்த்தால் ஆள் ஒருவரும் தெரியாது, மரம்தான் தெரியும். ஆனால் அடுப்புப் புகை எழும்பும். புகை எங்கே திரண்டு நிற்கிறதோ அங்கே லயம் இருக்கிறது, லயத்தில் சனம் இருக்கிறது. ஒவ்வொரு தலையையும் எண்ண வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் ஐயாத்துரை எழுந்து வந்து சின்னையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர் ஒருவர் அப்படிக் கைகுலுக்கியது சின்னையாவுக்கு ஒரு வாரம் வரை மறக்கவில்லை.

வேலையைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பட்டியலில் ஒரு வரி ஐயாத்துரைக்கு, அடுத்த வரி சின்னையாவுக்கு. நிலப்படம் வரைகிற மெழுகுத் துணி ஒன்றை ஐயாத்துரை எடுத்து, வானத்தின் ஒரு முழுச் சுற்றை அதில் அறுபது கோடுகளாகப் பிரித்தார். மேல்நாட்டுப் புத்தகம் வானத்தை இருபத்து நான்கு மணியாகத்தான் பிரிக்கிறது. ஆனால் வாத்தியார் பஞ்சாங்கக்காரர், நாழிகையில் பழகியவர். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை என்பதுதான் அவர் கைக்கு வரும், அவருக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று ஐயாத்துரை மரியாதை பார்த்தார். தன் பங்குப் புள்ளிகளை அவரே முதலில் குறித்துவிட்டுத் துணியையும், சின்னையாவின் பங்கை எழுதிய நோட்டையும் தோட்டத்துக்கு அனுப்பினார். சின்னையா மூன்று மாதம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு தினம் நாலைந்து புள்ளி வைத்தார். மூச்சு விட்டால் மை தெறிக்கும் என்று பாப்பாவை அந்தப் பக்கம் தும்மக்கூட விடவில்லை.

துணி ஈப்போவுக்குத் திரும்பிப் போனது. ஐயாத்துரை அதைச் சுவரில் மாட்டி, பத்தடி பின்னால் போய்த் திரும்பிப் பார்த்தார். புள்ளிகள் இறைந்து கிடக்கவில்லை. பன்னிரண்டாம் கோட்டை ஒட்டி ஒரு கூட்டம் மேலிருந்து கீழே ஆறு போல இறங்கியது. முப்பதாம் கோட்டை ஒட்டி இன்னொரு கூட்டம், அதுவும் ஆறு போல, கொஞ்சம் அகலமாக. இரண்டும் ஒரே மாதிரி வளைவு. அவர் அங்கிருந்து ஓடி வந்து பஸ் ஏறி, ஊசிமலை வந்து இறங்கி, பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, “வாத்தியார், ரெண்டு ஆறு,” என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் பாப்பா வைத்த கோழிக்குழம்பை ருசி தெரியாமல் தின்றார்கள்.

நோட்டீஸ் வந்த வாரம் தோட்டமே மிதந்தது. கங்காணி உடையப்பன் துரையிடம் கேட்டு ரப்பர் பாளம் ஏற்றுகிற லோரியை ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிவிட்டார். நாற்பது பேர் புறப்படுவதாக ஏற்பாடு. பெண்கள் சீலை துவைத்துக் காயப்போட்டார்கள். வானத்து ஆறு என்றால் என்ன என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நம்ம வாத்தியார் கண்டுபிடித்தது, அது போதும்.

சனிக்கிழமை மத்தியானம், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நவமணி வந்தாள். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். அவள் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்.

“வர்ற வெள்ளிக்கெழம நாள் எப்படி இருக்கு வாத்தியாரே?”

சின்னையா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். “நல்லா இருக்கு. முப்பது நாழிகை வரைக்கும் திதி இருக்கு.”

“நாழிகை எல்லாம் எனக்கு என்னா தெரியும். ஆபீஸ் கிராணி வீட்டுக் கடிகாரத்துல எத்தனை மணின்னு சொல்லுங்க லா.”

“முப்பது நாழிகைன்னா பன்னிரண்டு மணி நேரம். சூரியன் எழும்பினதுல இருந்து பன்னிரண்டு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்…”

சொல்லிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முப்பது நாழிகை என்றால் பன்னிரண்டு மணி. ஓர் ஆறு பன்னிரண்டாம் கோட்டில் ஓடுகிறது. மற்றது முப்பதாம் கோட்டில் ஓடுகிறது.

நவமணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வாத்தியார் முகம் வெளுத்ததைப் பார்த்து, வெள்ளிக்கிழமையில் ஏதோ கெடுதல் இருக்கிறதென்று நினைத்துவிட்டாள். “வேற நாள் பாக்கட்டுமா?” என்றாள்.

“நாள் நல்ல நாள்தான் தாயி. எனக்குத்தான் சரியில்ல.”

அவள் போனதும் ஐயாத்துரை எழுதிக் கொடுத்த நோட்டைத் தேடி எடுத்தார். ஒரு வரியின் தொடக்கத்தில் பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று இரண்டு எண். சின்னையா அதைப் பன்னிரண்டு நாழிகை, இருபத்து நான்கு விநாழிகை என்று வாசித்துப் பன்னிரண்டாம் கோட்டைத் தாண்டிப் புள்ளி வைத்திருந்தார். அது பன்னிரண்டு மணி, இருபத்து நான்கு நிமிஷம். மணிக்கு இரண்டரை நாழிகை. அந்தப் புள்ளி முப்பத்தோராம் கோட்டில் விழுந்திருக்க வேண்டும். நாழிகைக்கும் அறுபது பங்கு, மணிக்கும் அறுபது பங்கு. எழுதி வைத்தால் வித்தியாசம் தெரியாது. நோட்டு முழுக்கத் தேடியும் எந்த வரியிலும் முதல் எண் இருபத்து நான்கைத் தாண்டவில்லை. அதை அவர் அன்றைக்கே பார்த்தவர்தான். ஒரு வரி விட்டு ஒரு வரி என்று பேசியிருந்தாலும், வானத்தில் இந்தப் பக்கத்தையே நமக்குப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மாற்றி எழுதித்தான் கொடுத்திருப்பார், இதைப் போய் ஒரு பெரிய மனிதரிடம் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டார். அங்கே ஐயாத்துரை, நாழிகையில் ஊறிய மனிதருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லித் தர வேண்டுமா, அது அவமரியாதை என்று வாயை மூடிக்கொண்டார். இரண்டு மரியாதையும் சேர்ந்து வானத்தில் இல்லாத ஓர் ஆற்றை வெட்டிவிட்டது.

சின்னையாவுக்கு அழுகை வந்தது. ஆறு போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு கண்ணில் வந்து நின்றது. நாளைக்குச் சொல்லாமல் விட்டால்? கேட்கப்போகிறவர்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. விண்ணப்பம் ஏற்ற பிறகு, புத்தகம் நாலு படித்த பிறகு, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்த யோசனை அவருக்குக் கால்மணி நேரம் மிகவும் இனிப்பாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மனிதர்தான்.

பாப்பா வந்து என்ன என்று கேட்டாள். சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “நவமணிக்குத் தப்பான நேரம் சொல்லிட்டுத் தெரிஞ்சா, காது குத்தி முடியட்டும்னு இருப்பீங்களா?” என்றாள்.

“மாட்டேன்.”

“அப்ப இதுக்கு மட்டும் என்னா?”

“துணியில மை ஊறிப் போச்சு பாப்பா. சுரண்டினா கிழிஞ்சிடும். அறுநூத்தி நாப்பது புள்ளி. புதுத் துணியில வைக்க மறுபடியும் மாசக் கணக்காகும்.”

“எதுக்குத் துணி? புதுக்காடு வெட்டினா கன்னு நடுறதுக்கு முந்திக் கயிறு புடிச்சு முளை அடிக்கிறோம்ல. நெறை கோணினா புடுங்கித் திருப்பி அடிக்கிறதுதானே. தரையில வைங்க. நாப்பது பேரு சும்மாதானே வர்றோம்.”

சின்னையா மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று மாதம் இவளைத் தும்மக்கூட விடாமல் வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து தன் முந்நூற்று இருபது எண்களையும் இரண்டரையால் பெருக்கினார். பாப்பா பக்கத்தில் குந்தி, சிலேட்டைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கங்காணி உடையப்பன் பால் பிடிக்கிற பழைய பீங்கான் கோப்பைகளைக் கிடங்கிலிருந்து எடுத்து ஏழு சாக்கில் கட்டினார். வாய் உடைந்தவை, இனி மரத்துக்கு உதவாதவை. கவிழ்த்து வைத்தால் வெள்ளையாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லோரி பாட்டும் சிரிப்புமாக ஈப்போவுக்குள் நுழைந்தது. சின்னையா மட்டும் சாக்குகளுக்கு நடுவே, கிளினிக்குக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வாசகசாலை இரண்டு மாடிக் கட்டடம். எதிரே பாடாங், பிள்ளைகள் பந்து விளையாடுகிற பெரிய புல்வெளி. ஐயாத்துரை சலவைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார். சின்னையா அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். ஐயாத்துரை படியில் உட்கார்ந்தார். கோட்டு அழுக்காவதைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துச் சின்னையா பதறிப்போனார். ஐயாத்துரை சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் ஏன் மேல ஒரு தலைப்பு எழுதேல்லை? மணி, நிமிஷம் எண்டு ரெண்டு சொல்லு. வாத்தியாருக்குத் தெரியாதோ எண்டு விட்டுட்டன்.”

“நான் ஏன் கேக்கல? கேட்டா எளக்காரமா நெனைப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

சிரித்து ஓய்ந்ததும் ஐயாத்துரையின் முகம் மாறியது. “சொல்லிப் போட்டா பஞ்சலிங்கத்தார் உங்கட விண்ணப்பத்தை எடுக்கமாட்டார். பிழை முழுக்க என்ர எண்டு சொல்லுறன். உங்கட பேரை விட்டுடுறன்.”

“வேணாம் அண்ணே. பேரு நோட்டீஸ்ல இருக்கு. தப்பும் அந்தப் பேருலயே இருக்கட்டும்.”

சபை கூடியது. கீழ்த்தளம் நிரம்பி வழிந்தது. பெஞ்சில் உத்தியோகஸ்தர்கள், சுவரோரமாகத் தோட்டத்துச் சனம். பஞ்சலிங்கம் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில், கூட்டக் குறிப்பு எழுதுகிற பெரிய புத்தகத்தோடு நடுவில் இருந்தார். எழுத்துப்பிழைக்காகக் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பியவர் அவர். சின்னையா எழுந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“இரட்டை ஆறுன்னு போட்டோம். ஒரு ஆறுதான் இருக்கு. ரெண்டாவது ஆறு நான் வெட்டினது.”

பெஞ்சில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். யாரோ ‘தோட்டத்து’ என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்கள். சின்னையா நாழிகையையும் மணியையும் விளக்கினார். விளக்க விளக்கக் குரல் உயர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த சங்கதி. முடிவில், “மிச்சம் இருக்குற ஆறு நெசமான்னு நானும் இன்னும் பாக்கல. வெளிய வந்தா எல்லாருமாப் பாக்கலாம்,” என்றார்.

பஞ்சலிங்கம் பேனாவை மூடினார். மறுபேச்சில்லாமல் மாடிக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் சின்னையா நினைத்தார்.

பாடாங்கில் உடையப்பன் கயிறு பிடித்தார். ஒரு நாழிகைக்கு ஓர் எட்டு, அறுபது எட்டு அகலம். நிறை கோணாமல் கயிறு பிடிக்க ஊசிமலை ஆட்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஐயாத்துரை தன் பங்கை வாசித்தார், சின்னையா தன் பங்கை வாசித்தார். பெண்கள் கோப்பையை எடுத்து ஓடினார்கள். “முப்பத்தொண்ணு, மேல பதிமூணு.” “வச்சாச்சு.” மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நாற்பது பேர் போதவில்லை. முதலில் தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர் கோட்டைக் கழற்றி நண்பர் கையில் கொடுத்துவிட்டு ஒரு கோப்பையை எடுத்தார். அடுத்து நண்பரும் இரண்டு கோட்டையும் வேலியில் போட்டுவிட்டு இறங்கினார். பிறகு பெஞ்சில் யாருமே மிஞ்சவில்லை. நவமணி ஒரு பெரிய உத்தியோகஸ்தரிடம், “அங்க இல்லங்க, ரெண்டு எட்டு இந்தப் பக்கம்,” என்றாள். அவர் நகர்த்தி வைத்தார்.

கடைசிக் கோப்பையும் வைத்தாயிற்று. தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. மேலிருந்துதான் பார்க்க வேண்டும். மாடி வராந்தாவுக்குப் போகிற படியில் ‘அங்கத்தினர் மட்டும்’ என்று பலகை தொங்கியது. சின்னையா படியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அங்கேயே நின்றார்.

மேலே கைப்பிடியைப் பிடித்தபடி பஞ்சலிங்கம் நின்றிருந்தார். கோபித்துக்கொண்டு போனவர் இல்லை அவர். எங்கிருந்து பார்த்தால் தெரியும் என்று எல்லாருக்கும் முன்னால் யோசித்தவர் அவர்தான்.

“வாத்தியார், மேல வாங்கோ.”

“பலகை தொங்குதுங்க.”

“பலகை எழுதினதே நான்தான். வாங்கோ எண்டுறன்.”

சின்னையா ஏறினார். வராந்தாவின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தார்.

புல்வெளியின் நட்டநடுவே ஆறு ஓடியது. ஒரே ஆறு. கன்னி ராசியில் திரண்டு, அங்கிருந்து வடக்கே சப்தரிஷி மண்டலம் வரை கூட்டம் கூட்டமாகப் போனது. இரண்டு பேரின் புள்ளிகளும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன, எது யாருடையது என்று இனிப் பிரிக்க முடியாது. அதோடு நிற்கவில்லை. துணியில் காணாத ஒன்றும் கண்ணில் பட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கோப்பையே விழாத வெறும் பச்சைத் தடம் ஒன்று வளைந்து வளைந்து போனது. துணியில் ஒருவர் புள்ளி மற்றவர் புள்ளி இல்லாத இடத்தில் விழுந்து அதை அடைத்துவிட்டிருந்தது.

பின்னாலேயே ஏறி வந்த ஐயாத்துரைக்கு மூச்சு வாங்கியது. “அது பால்வீதி போற தடம்,” என்றார். “அங்க ஒரு நெபுலாவும் தெரியாது. உண்மையிலயே அங்க இல்லையோ, எங்கட பால்வீதிதான் மறைக்குதோ, ஆருக்கும் இன்னும் தெரியாது.”

இவ்வளவு பெரிய ஒன்றைத் தன் ஆயுசில் பார்ப்போம் என்று சின்னையா நினைத்தவரில்லை. தப்பை ஒப்புக்கொண்டதற்கு இதா கூலி என்று சிரிப்பும் வந்தது.

பஞ்சலிங்கம் குறிப்புப் புத்தகத்தைக் கைப்பிடிமேல் விரித்தார். “கூட்டக் குறிப்பு எழுத வேணும். கண்டுபிடிப்பு எண்டு எழுதலாமோ, ஐயாத்துரை?”

“ஏலாது ஐயா. இந்தக் கூட்டத்தை வெள்ளைக்காரர் எப்பவோ பார்த்திட்டினம். நாங்கள் பார்த்தது இண்டைக்கு.”

“அப்ப என்ன எழுதுறது, வாத்தியார்?”

“தப்பைத் திருத்தினாங்கன்னு எழுதுங்க.”

பஞ்சலிங்கம் பேனாவைத் திறந்து, அவசரமே இல்லாமல், எழுத்தெழுத்தாக எழுதினார். சின்னையா எதிர்ப்பக்கம் நின்றபடி தலைகீழாகவே வாசித்தார். ‘அங்கத்தினர் திரு. சின்னையா தமது கணிப்பிலிருந்த பிழையைத் தாமே சபைக்கு எடுத்துக் கூறித் திருத்திக் காட்டினார்.’

அவர் மறுபடி ஒருமுறை வாசித்தார்.

“ஐயா, அங்கத்தினர்னு எழுதியிருக்கீங்களே.”

“ஏன், எழுத்துப்பிழை ஏதும் இருக்கோ?”

“இல்லீங்க.”

“அப்ப சரி,” என்று பஞ்சலிங்கம் மை உறிஞ்சும் தாளை எடுத்து அந்த வரியின்மேல் வைத்து அழுத்தினார்.

மழையின் முதல் துளிகள் கோப்பைகளில் பட்டுச் சத்தம் எழுந்தது. கீழே சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சின்னையா கைப்பிடியில் சாய்ந்து, அந்தக் கூட்டத்தில் பாப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து, மேலே வா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா என்று கையசைத்தார். பஞ்சலிங்கம் பலகையைக் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், மழையில் நனைந்துவிடுமாம்.